மெருகு யாருக்காக?

கண்ணாடித் துண்டுகளைச் சூளையில் வைத்து ஒன்றாக உருக்குகிறவர்களுக்கு மேற்பரப்புதான் பெரிய தலைவலி. 800 டிகிரி செல்சியஸை ஒட்டித் துண்டுகள் முழுசாக இணையும். எதுவும் தொடாத மேல்பக்கம் தானாகவே மினுங்கும். தட்டில் படிந்திருந்த அடிப்பக்கம் தட்டின் சொரசொரப்பை அப்படியே வாங்கிக்கொள்ளும். சரியாகத் துடைக்காத கண்ணாடி 700 டிகிரி வாக்கில் ரொம்ப நேரம் நின்றால், மேலே நுண்படிகங்கள் முளைத்து மங்கிவிடும்.

இதில் அறம் எங்கே வருதுன்னு கேட்கலாம். பதிலுக்குக் கெடாவைத் தாண்டிப் போகவேண்டியதில்லை.

பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை மாஸில் சின்னச் சின்ன ஒற்றைநிறக் கண்ணாடி மணிகளும், அவற்றை அங்கேயே செய்ததற்கான கழிவுகளும் கிடைத்திருக்கின்றன. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த அதே வகை. ஆய்வாளர்கள் இந்தோ-பசிபிக் மணிகள் என்கிறார்கள். இந்தச் செய்முறை ஆந்திராவின் பாப்பநாயுடுபேட்டையில் நம் காலம்வரை தொடர்ந்திருக்கிறது. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்குவார்கள். நறுக்கிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடேற்றுவார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல், துளை மூடிக்கொள்ளாமல் சாம்பல் காக்கும். விளிம்பை நெருப்பு உருட்டிவிடும்.

சில மில்லிமீட்டர் மணி. அதன் விளிம்பை யார் பார்க்கப்போகிறார்கள்? யாரும் பார்க்காவிட்டாலும் நூலுக்குத் தெரியும். கூர் விளிம்பு நூலை அறுக்கும், கழுத்தைக் கீறும். முகம் தெரியாத ஒருவரின் கழுத்துக்காக ஒரு தடவை கூடுதலாக நெருப்பு மூட்டியிருக்கிறார்கள்.

ஆனால் மெருகு பொய்யும் சொல்லும். உருக்கிய கண்ணாடியை அவசரமாக ஆறவிட்டால், வெளியே மின்னிக்கொண்டே உள்ளே இறுக்கம் தங்கிவிடும். என்றோ ஒருநாள் காரணமே இல்லாததுபோல் விரிசல் விடும். கண்ணாடியின் வகையைப் பொறுத்து 500 டிகிரி வாக்கில் நிறுத்தி, மெல்ல மெல்ல இறக்கணும். அந்த மணிநேரங்கள் மேற்பரப்பில் எந்தத் தடயமும் விடாது. வாங்குகிறவர் கேட்கவும் மாட்டார்.

தொழிற்சாலையில் வேலை செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது வெறும் தத்துவம் இல்லை. அனுப்பவேண்டிய தேதி நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது கண்ணுக்குத் தெரியாத நேரம்தான். பளபளப்பில் யாரும் கை வைப்பதில்லை. தோற்றச் சோதனையில் பொருள் பாஸாகிவிடும். இத்தனைக்கும் உள் இறுக்கத்தைப் பார்க்க வழி இருக்கிறது: குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு நடுவே பிடித்தால், இறுக்கம் வெளிச்சமாகத் தெரியும். பிடித்துப் பார்க்கணும், அவ்வளவுதான்.

மெருகு தப்பென்று நான் சொல்லவில்லை. பார்க்கிறவருக்காக மட்டும் செய்தால் அது விளம்பரம். தொடப்போகிறவரையும் நினைத்துச் செய்யும்போதுதான் அதை வேலை என்று சொல்லத் தோன்றுகிறது.