ஊக்கியும் பொறுப்பும்

விஞ்ஞானம் ஒரு தீங்கை விளைவித்தபின், அதே விஞ்ஞானம் அத்தீங்கைத் துடைக்கும் வழியையும் காட்டுமாயின், முன்னர் நிகழ்ந்த தீங்கு மன்னிக்கப்பட்டதாகுமா? நாளை பரிகாரம் வருமென்ற நம்பிக்கை, இன்று கேடு செய்யும் உரிமையை எவருக்கேனும் அளிக்குமா? பிளாஸ்டிக் கழிவை ஊக்கிகளின் துணையால் மீண்டும் மூலப்பொருளாக்கலாம் என்று இன்று உலகெங்கும் எழும் பேச்சின் அடியிலே இக்கேள்வி கிடக்கின்றது.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், வஸ்கமுவ தேசிய வனத்தின் அயலிலே கிடக்கும் வில்கமுவ, நெல் விளையும் பூமி. ஒரு காலத்தில் சணற்சாக்கு இருந்த இடத்தில் இன்று பொலிபுரொப்பிலீன் இழையால் நெய்த பை இருக்கின்றது. உரமும் அதிலே வருகின்றது. நெல்லும் அதிலே போகின்றது. விவசாயி விலை கொடுத்தது உரத்துக்கு. பை அதனோடு ஒட்டி வந்தது. உரம் வயலிற் கரைந்துவிடும்; பை கரைவதில்லை. அதனை எரித்தால் நச்சுப்புகை. எறிந்தால் வாய்க்காலில் அடைப்பு. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரமே அவனுக்கு மிஞ்சியிருக்கின்றது!

இப்பை பிறந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1933இல் இங்கிலாந்தில் கிடைத்த பொலிஎதிலீனை உண்டாக்க மிக உயர்ந்த அமுக்கம் வேண்டியிருந்தது. 1953இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர், தைத்தானியச் சேர்வையும் அலுமினியச் சேர்வையும் கலந்த ஓர் ஊக்கியைக் கொண்டு சாதாரண அமுக்கத்திலேயே அதனை ஆக்கிக் காட்டினார். மறு ஆண்டு இத்தாலியில் ஜூலியோ நத்தா அவ்வழியே சென்று ஒழுங்கமைந்த பொலிபுரொப்பிலீனை ஆக்கினார். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. இன்று நம்மை மீட்க வருமென எதிர்பார்க்கப்படும் ஊக்கியே, அன்று பிளாஸ்டிக்கை மலிவாக்கி ஊர்தோறும் கொண்டுவந்து சேர்த்தது.

இப்போது அது எதிர்த்திசையிலே பணிக்கப்படுகின்றது. பொலிஎதிலீன், பொலிபுரொப்பிலீன் ஆகியவற்றின் நீண்ட காபன் சங்கிலியை வெப்பத்தால் மட்டும் முறிக்க மிகுந்த சூடு தேவை. செயோலைற்று என்னும் நுண்துளைக் கனிமத்தை ஊக்கியாக இட்டால், குறைந்த சூட்டிலே சங்கிலி முறிந்து எரிபொருளுக்கேற்ற சிறு மூலக்கூறுகள் கிடைக்கும். இந்தியாவில் டேராடூன் நகரத்துப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம், நாளொன்றுக்கு ஒரு தொன் கழிவை டீசலாக மாற்றும் முன்னோடி ஆலையை 2019இல் தொடங்கியது. தண்ணீர்ப் போத்தல் செய்யப்படும் பிளாஸ்டிக்கை உண்டு வாழும் பக்டீரியா ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர் 2016இல் அறிவித்தனர். 2020இல் பிரெஞ்சு ஆய்வாளர் செம்மைப்படுத்திய ஒரு நொதியம், 72 பாகை செல்சியசில், பத்து மணி நேரத்தில் அவ்வகைப் பிளாஸ்டிக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அதன் மூலக்கூறுகளாகப் பிரித்தது. நொதியமும் உயிர்ப்பொருள் தந்த ஊக்கியே. இவை மனித அறிவின் வெற்றிகள். இவற்றை எள்ளி நகையாடுவது முற்போக்காளனுக்கு அழகன்று.

ஆயினும் உயர்தர வகுப்பில் இரசாயனம் பயிலும் மாணவன் ஓர் உண்மையை அறிவான். ஊக்கி ஏவற்சக்தியைக் குறைக்கும், தாக்கத்தை விரைவுபடுத்தும். நிகழவே முடியாத தாக்கத்தை அது நிகழ்த்தாது. சமநிலையையும் இடம் பெயர்க்காது. சமுதாயத்திலும் அவ்வாறே. இலாபத்துக்காக மேலும் மேலும் பிளாஸ்டிக் உற்பத்தி செய்யும் ஒழுங்கு நிலைத்திருக்கையில், புதிய ஊக்கி அவ்வொழுங்கின் போக்கை மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. “கவலையின்றி வாங்குங்கள், கவலையின்றி எறியுங்கள், பரிகாரம் வந்துவிட்டது” என்று சொல்ல அது உற்பத்தியாளருக்கு வாய்ப்பளிக்கும். இவ்வச்சம் வீணன்று. 2015 வரை உலகம் ஆக்கிய பிளாஸ்டிக் 830 கோடி தொன் என்றும், கழிவாகியதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கே மறுசுழற்சி கண்டது என்றும் 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணித்தது. மறுசுழற்சி பற்றிய வாக்குறுதிகளால் மக்களை ஏமாற்றியதாகக் குற்றஞ்சாட்டி, 2024இல் கலிபோர்னியா மாநிலம் எக்ஸொன்மோபில் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், வாக்குறுதியும் ஒரு விற்பனைச் சரக்காகலாம் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்னொன்றும் உண்டு. ஊக்கிக்கும் நஞ்சுண்டு. பீ.வீ.சீ. பிளாஸ்டிக்கிலுள்ள குளோரீன் கலந்தால் ஊக்கி செயலிழக்கும், உலை அரிக்கும். ஆகவே கழிவு தரம் பிரிக்கப்பட்டே உலைக்குள் செல்ல வேண்டும். பிரிப்பவர் யார்? கண்டி மகியாவையில், தென்னிந்தியாவிலிருந்து நகரத் துப்புரவுப் பணிக்கென அழைத்துவரப்பட்டோரின் சந்ததியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். நகரத்தின் அழுக்கைத் தொட்டதற்காகவே இழிவுக்கு ஆளானவர்கள் அவர்கள். மிக நவீனமான இரசாயனமும் அத்தகைய கைகள் இன்றி ஒரு நாழிகை இயங்காது. ஆய்வாளனுக்குப் பாராட்டும், ஆலைக்கு இலாபமும், பிரிக்கும் கைகளுக்கு நோயும் என்று பங்கிடப்படுமாயின், அந்த மறுசுழற்சியிலே நியாயம் ஏது?

உலை எத்துணைச் சிறந்ததாயினும், திரட்டப்பட்டதையே அதனால் மாற்ற முடியும். 2021இல் கொழும்புக் கடலில் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் சிதறின. மீனவனின் கரையில் மணலோடு கலந்துவிட்ட மணியை எந்த ஊக்கி தேடிச் செல்லும்? அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று, எட்டாண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் மடிந்ததாக 2022இல் செய்தி வந்தது. வஸ்கமுவ யானைகளை அயலாராகக் கொண்ட வில்கமுவ மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

பரிகாரம் இருப்பது பொறுப்பை நீக்காது, கூட்டும். நோய்க்கு மருந்துண்டு என்பதால் நோயைப் பரப்புபவன் குற்றமற்றவனாவதில்லை. டீசலாகி எரிந்த பை மீண்டும் பையாவதில்லை. புகையாகி வானிற் கலக்கின்றது. “விவசாயி ஒழுங்காகக் குப்பை போடப் பழகட்டும்” என்போர் உண்மையின் சிறு பகுதியையே சொல்கின்றனர். எறியும் கையை மட்டும் கண்டு, ஆக்கும் கையைக் காணாதிருப்பது நீதியாகாது. எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் நமது உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், கப்பல் தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் இந்நெறி கப்பலுக்கு மட்டும் உரியதா? உரப்பைக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் அது ஏன் பொருந்தலாகாது?

ஊக்கி நமக்கு வேண்டும். வில்கமுவவுக்கும் ஒருநாள் அதன் பயன் எட்ட வேண்டும். எட்டுமுன் சில நிபந்தனைகளை மக்கள் விதிக்க வேண்டும். தேவையற்ற பிளாஸ்டிக் ஆக்கப்படாதிருத்தல் முதலாவது. ஆக்கியவனே தன் பையைத் திரும்பப் பெறுதல் அடுத்தது. பிரிக்கும் தொழிலாளிக்குத் தக்க ஊதியமும், பாதுகாப்பும், மதிப்பும் கிடைத்தல் மூன்றாவது. தாக்கத்தின் வேகத்தை ஊக்கி பார்த்துக்கொள்ளும்; எத்திசையில் செல்வது என்பதை மக்களே ஒன்றுகூடி முடிவு செய்தல் வேண்டும். இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் சமன்பாட்டை எழுதியதோடு நின்றுவிடாது, அதனால் ஆதாயம் அடைபவர் யார், துன்பம் சுமப்பவர் யார் என்ற கேள்வியையும் வகுப்பறையிலேயே எழுப்புவார்களாக.