பட்டியலில் ஒரு பெயர்

விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் பதிவான ஒவ்வொரு மனிதருக்கும் தனிப் பக்கம் உண்டு. பிறந்த தேதி, தொழில், படித்த இடம், துணைவர் என்று கட்டம் கட்டமாகத் தகவலை நிரப்பலாம். பி91 என்ற எண்ணுள்ள கட்டம் பாலீர்ப்புக்கு உரியது. அந்த நபர் தாமே ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவர் இறந்தபின் வரலாற்றாய்வாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அப்போது மட்டுமே இதை நிரப்புக என்று அங்கேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. காரணம் எளிது. கட்டம் நிரம்பிவிட்டால், இன்ன நாட்டில் உயிரோடிருக்கும் தன்பாலீர்ப்பாளர்கள் யார் யார் என்று எவரும் ஒரு வினவல் எழுதி, சில நொடிகளில் பெயர்களை எடுத்துக்கொள்ளலாம்.

பால்புதுமையினர் வரலாற்றை எழுத இணையத்தில் தன்னார்வலர்கள் கூடுவது இன்று புதிதல்ல. ஜோனதன் நெட் கேட்ஸ் 2008-ல் தொடங்கிய அவுட்ஹிஸ்டரி, விக்கிப்பீடியாவின் இத்துறைக்கான விக்கித்திட்டம் என்று பல முயற்சிகள் நடக்கின்றன. இவர்களின் ஆவலில் நியாயம் இருக்கிறது. தங்களைப் பற்றித் தாங்களே எழுதிவைக்க முடியாதவர்களின் வரலாற்றை, அவர்களைத் தண்டித்தவர்களின் தாள்களிலிருந்தே தோண்டியெடுக்க வேண்டியிருக்கிறது. பிரித்தானியக் கணிதவியலாளர் ஆலன் டூரிங்கின் தனிவாழ்க்கை பொதுப் பதிவானது 1952-ல் அவர் குற்றவாளிக் கூண்டில் நின்றதால்தான். அன்போடு சேர்த்துவைக்கப்பட்ட ஆவணங்களும் தப்பவில்லை. பெர்லினில் மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் நடத்திய பாலியல் ஆய்வு நிறுவனத்தின் நூலகம் 1933 மே மாதம் சூறையாடப்பட்டு, பொதுச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டது. இவ்வளவு இழந்தபின் கிடைத்த பெயர்களையெல்லாம் எழுதிவிடத் துடிப்பது இயல்பே. ஆனால், ஒருவர் வாய்திறந்து சொல்லாததை வரலாற்றின் பெயரால் மற்றவர் சொல்லலாமா? அப்படிப்பட்ட குழுவை நடத்துபவர் எந்த விதியை வைத்துக்கொள்வது?

பெயர்களைத் தொகுப்பதில் இவர்களுக்கு ஒரு முன்னோடி உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முன்னோடி காவல்துறை. நாஜிகள் வருவதற்கு முன்பே ஜெர்மானிய நகரங்களின் காவல்துறைகள் தன்பாலீர்ப்புடைய ஆண்களின் பெயர்களைச் சேர்த்துவைத்திருந்தன. ஆட்சி மாறியதும் பட்டியல் புதிய கைகளுக்குப் போனது. ஆண்களின் தன்பாலுறவைக் குற்றமாக்கிய ஜெர்மன் சட்டத்தின் 175-ஆம் பிரிவின்கீழ் நாஜி ஆட்சியில் தண்டிக்கப்பட்டவர்கள் சுமார் 50,000 பேர். அவ்வளவு பழைய கதைக்கும் போக வேண்டியதில்லை. உகாண்டாவில் 2010 அக்டோபரில் ஒரு வார இதழ், தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லிப் பலரின் பெயரையும் படத்தையும் அச்சிட்டு, தூக்கிலிடச் சொன்னது. அதில் இடம்பெற்ற டேவிட் கட்டோ வழக்குத் தொடுத்து 2011 ஜனவரியில் வென்றார். அதே மாதம் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். கொலைக்கும் அவருடைய போராட்டத்துக்கும் தொடர்பில்லை என்றது காவல்துறை. நம்பாதவர்கள் பலர்.

அப்படியானால் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு என்று முடிவுகட்டிவிடலாமா? அதற்கும் எதிர்ச்சாட்சி இருக்கிறது. வில்லெம் அரோண்டியஸ் நெதர்லாந்து ஓவியர், எழுத்தாளர். ஆம்ஸ்டர்டாமின் மக்கள் பதிவேட்டை வைத்துத்தான் நாஜிகள் யூதர்களைத் தேடிப் பிடித்தார்கள். 1943 மார்ச் 27 இரவு அரோண்டியஸும் தோழர்களும் காவலர் உடையில் அந்தப் பதிவேட்டு அலுவலகத்துக்குள் புகுந்து வெடிவைத்தார்கள். தீயணைப்புப் படையினர் வேண்டுமென்றே தாமதமாக வந்து, வேண்டிய அளவுக்கு மேல் தண்ணீரைப் பீய்ச்சி, எரியாமல் மிஞ்சிய அட்டைகளையும் நனைத்துப் பாழாக்கினார்களாம். ஜூலை 1 அன்று அரோண்டியஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். சாவதற்கு முன் தன் வழக்கறிஞரிடம் அவர் விட்டுச்சென்ற வேண்டுகோள் ஒன்றுண்டு: தன்பாலீர்ப்பாளர்கள் கோழைகள் அல்ல என்பதை ஊரறியச் சொல்லுங்கள். பதிவேட்டைக் கொளுத்திய மனிதரே தன்னைப் பற்றி ஒரு வரி பதிவாக வேண்டும் என்று விரும்பியிருக்கிறார். போருக்குப் பிந்தைய நெதர்லாந்து அவரது வீரத்தை எடுத்துக்கொண்டு அந்த வரியைப் பல பத்தாண்டுகள் மறந்தது. அவர் மானத்தைக் காப்பதாகச் சிலர் நினைத்திருக்கலாம். செத்தவரின் கடைசி விருப்பத்தைத் தட்டிக்கழித்ததற்கு வேறு பெயர்தான் பொருந்தும்.

இதற்கு நேரெதிரானது ஆலிவர் சிப்பிளின் கதை. 1975 செப்டம்பர் 22, சான் பிரான்சிஸ்கோ. அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டை நோக்கிச் சுட்ட சாரா ஜேன் மூரின் கையைக் கூட்டத்திலிருந்து பாய்ந்து பிடித்தவர் சிப்பிள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய முன்னாள் மரைன் படை வீரர். நகரத்தின் தன்பாலீர்ப்பாளர் வட்டாரத்தில் தெரிந்த முகம். ஆனால் டெட்ராய்ட்டில் இருந்த பெற்றோருக்கு அது தெரியாது. ஒரு தன்பாலீர்ப்பாளர் அதிபரின் உயிரைக் காத்தார் என்று நாடு அறியட்டும் என எண்ணி, செய்தியைப் பத்திரிகைக்குக் கொண்டுபோனவர் அவருடைய நண்பர் ஹார்வி மில்க். பகையோ விஷமமோ இல்லை. இன்றைய வரலாற்றுக் குழுக்களை இயக்கும் அதே நல்லெண்ணம்தான். செய்தி நாடெங்கும் பரவியது. பெற்ற தாய் மகனோடு பேச்சை நிறுத்தினார். தாய் இறந்தபோது இறுதிச் சடங்குக்கு வர வேண்டாம் என்று தந்தை சொல்லிவிட்டார். சிப்பிள் பத்திரிகைமேல் வழக்குப் போட்டார். அவர் பாலீர்ப்பு ஏற்கெனவே பலர் அறிந்தது, செய்தி மதிப்பும் உடையது என்று சொல்லி 1984-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. 1989-ல் அவர் இறந்தார்.

சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் பலருக்குத் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியலாம் என்பதும் ஒன்றல்ல. ஒரு மனிதர் யாரிடம் சொன்னார், யாரிடம் சொல்லாமல் விட்டார் என்பது அவரே போட்டுக்கொண்ட வேலி. ‘நம்பகமான மேற்கோள் இருக்கிறது’ என்ற விக்கி விதி, அந்த வேலியைத் தாண்டுவதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. உயிரோடு இருப்பவர்களைப் பொறுத்தவரை இதை விக்கிப்பீடியாவே பட்டுத் தெரிந்துகொண்டது. 2005-ல் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலரின் பக்கத்தில் பச்சைப் பொய் பல மாதங்கள் கிடந்த விவகாரத்துக்குப் பிறகு, வாழ்பவர் வரலாறுகளுக்குத் தனிக் கொள்கை வந்தது. அதன்படி, ஒருவர் தாமே வெளிப்படையாகச் சொல்லியிருந்து, அது அவருடைய பொதுவாழ்வுக்கும் தொடர்புடையதாக இருந்தால் ஒழிய, பாலீர்ப்புப் பகுப்பில் அவரைச் சேர்க்கக் கூடாது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். ஓர் ஆணின் மனைவி பெயரை எழுத யாரும் அவரிடம் அனுமதி கேட்பதில்லை. ஆண் துணைவர் பெயரை எழுத மட்டும் சம்மதம், சாட்சி, வாக்குமூலம் எல்லாம் எதற்கு? இப்படிக் கேட்பதே தன்பாலீர்ப்பை ஒரு குற்றம்போல நடத்துவதாகாதா? மழுப்பிவிட முடியாத கேள்வி இது. ஆனாலும் விளைவுகளைப் பார்க்க வேண்டும். மனைவி பெயர் அச்சானதால் வேலை இழந்தவர், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர் அரிது. உலகம் ஒரே மாதிரி நடத்தாதவரை எழுதுபவர் மட்டும் ஒரே விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால், சமத்துவத்தின் செலவை யாரோ ஒரு சிப்பிள் தலையில் கட்டுவதாகவே முடியும்.

இறந்து நெடுங்காலம் ஆனவர்கள் விஷயத்தில் இந்த ஆட்சேபம் முழுமையாகச் செல்லும். அங்கே திருமணத்துக்குக் கேட்கும் ஆதாரத்துக்கு மேல் கேட்பது பாரபட்சம். அமெரிக்க அதிபரின் மனைவியாக இருந்த எலினோர் ரூசவெல்ட்டுக்கும் பத்திரிகையாளர் லொரீனா ஹிக்கொக்குக்கும் இடையே 3,000-க்கு மேற்பட்ட கடிதங்கள் உள்ளன. 1978-ல் அவை ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. அவற்றை ‘தோழமை’ என்று ஒரு சொல்லில் அடக்குவது பொய். அதற்காகக் கட்டத்தில் ஓர் அடையாளத்தைப் போட்டு முடித்துவிடுவதும் அவசரம். தன்னார்வலர் பழக வேண்டியது வேறொரு கைத்திறன். ஓர் எடுத்துக்காட்டு: ‘அவர் தன்பாலீர்ப்பாளர்’ என்று எழுதினால் ஆதாரம் போதாமல் போகலாம். ‘திருமணம் செய்துகொள்ளவில்லை’ என்று எழுதினால் வாசகர் ஏமாறுவார். ‘இருவரும் ஒரே வீட்டில் 30 ஆண்டு வாழ்ந்தனர், உயிலில் அந்த வீட்டை அவருக்கே எழுதிவைத்தார்’ என்று எழுதினால் ஆவணம் பேசும், முடிவு வாசகருடையது. கட்டத்துக்குள் அடங்காததை வாக்கியம் சொல்லிவிடும். பல உரையாடல் பக்கங்களில் மாதக்கணக்கில் நடக்கும் சண்டை, இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் எழுதிப் பார்க்காததால் நடப்பது.

குழுவை நடத்துபவரின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. சம்பளம் இல்லாத வேலையில் அதிகாரம் பெரும்பாலும் அதிக நேரம் செலவிட முடிந்தவர் கைக்குப் போய்விடும். சலிக்காமல் பதில் எழுதுபவர் வெல்வார், மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அமெரிக்க ராணுவ வீரர் செல்சீ மேனிங் தான் பெண் என்று 2013 ஆகஸ்டில் அறிவித்தபோது, ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரைத் தலைப்பு உடனே மாறி, பின் பழைய பெயருக்கே திரும்பி, அக்டோபரில்தான் மறுபடி சரியானது. அத்தனை வாதமும் அவர் தாமே உரக்கச் சொன்ன ஒன்றைப் பற்றி! ஆகவே உயிரோடு இருப்பவரின் பாலீர்ப்பையும் திருநர் ஒருவரின் பழைய பெயரையும் கைதூக்கல் கணக்கில் தீர்மானிக்கக் கூடாது. உறுப்பினர்களில் ஒருவர் தயங்கினாலும் நிறுத்திவைக்க வேண்டும். இன்று விட்டதை நாளை சேர்க்கலாம். சேர்த்ததை நீக்கினாலும் தேடுபொறிகளிலும் நகல் தளங்களிலும் அது உலவிக்கொண்டிருக்கும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

குழுவினரே ஒரு பட்டியல் என்பதும் மறந்துபோகும். யார், எந்தப் பக்கத்தை, எந்த நிமிடம் திருத்தினார் என்பதைத் தொகுப்பு வரலாறு என்றென்றும் காட்டும். விக்கித்திட்டங்களின் உறுப்பினர் பக்கங்களும் பொதுவில்தான் இருக்கின்றன. உகாண்டாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவித்தல்’ குற்றத்துக்கு 20 ஆண்டுவரை சிறை விதிக்கிறது. அங்கிருந்து எழுதுபவரிடம் ‘வந்து பெயரைப் பதிவுசெய்யுங்கள்’ என்று அழைப்பது பொறுப்பற்ற செயல். புனைபெயர், தனிக் கணக்கு, பட்டியலில் சேராமலே பங்களிக்கும் உரிமை ஆகியவற்றை வலியுறுத்துவது நடத்துபவரின் முதல் கடமை.

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குகிறது. அதில் கணிசமான கட்டுரைகள் ஆங்கிலத்திலிருந்து வருகின்றன. 2018-ல் தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடி தளர்ந்த பிறகு, பால்புதுமையினர் பற்றிய பக்கங்களைத் தமிழுக்குக் கொண்டுவர விரும்புவோரும் உண்டு. நல்ல காரியம். ஆனால் ஆங்கில நேர்காணலில் ஒருவர் சொன்னது, அந்த மொழி வாசிக்காத தாய்க்கும் சித்தப்பாவுக்கும் இன்னும் எட்டாமல் இருக்கலாம். தமிழில் வந்த அன்றே அது அவர்கள் வீட்டுக்குள் போய்விடும். மேற்கோளைத் திறந்து, பேசுவது அவரா, அவரைப் பற்றிப் பிறரா என்று பாருங்கள். அவரே பேசியிருந்து, அவரை எட்ட வழியும் இருந்தால், தமிழில் வருவதில் அவருக்குச் சம்மதமா என்று கேட்ட பிறகு மொழிபெயருங்கள்.