மனச்சாட்சியின் விலை

1938 ஏப்ரலில், ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்ட ஹிட்லருக்கு ஒப்புதல் தரும் வாக்கெடுப்பு நடந்தது. சாங்க்ட் ராடெகுண்ட் என்ற கிராமத்தில் ஒருவர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார். பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். விவசாயி, ஊர்த் தேவாலயத்தின் கோயில்பிள்ளை. 1943 பிப்ரவரியில் படைக்கு அழைப்பு வந்தது. மார்ச்சில் முகாமுக்குச் சென்று போரிட மறுத்தார். காயம்பட்டோருக்கு உதவும் மருத்துவப் பணி என்றால் செய்யத் தயார் என்றார், அரசு ஏற்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 36. வீட்டில் மனைவி ஃபிரான்சிஸ்காவும் மூன்று சிறு பெண்களும் இருந்தார்கள்.

கிறிஸ்து மனிதனை விடுவிக்கிறார் என்று சபைகள் வாரந்தோறும் போதிக்கின்றன. அந்தப் போதனையை அப்படியே நம்பிய ஒருவரைச் சபை எப்படி நடத்தியது? மறுப்பதற்கு முன் அவர் லின்ஸ் ஆயரைச் சந்தித்து, இந்தப் போரில் பங்கெடுப்பது பாவமில்லையா என்று கேட்டார். குடும்பத்தை நினைத்துப்பார் என்பதே கிடைத்த அறிவுரை. உறவினரும் பங்குக் குருக்களும் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். சிறைக் குருவானவர் ஒருவர்தான் வேறு செய்தி சொன்னார்: முந்தைய ஆண்டு ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற குரு ஹிட்லருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்து, பிராண்டன்பர்க் சிறையில் மாண்டிருக்கிறார். தன்னைப்போல் இன்னொருவர் இருந்தார் என்பது அவருக்குப் பெரிய ஆறுதலானது. அவர் தனிமையை விரும்பித் தேடியவர் அல்ல என்பதற்கு இது போதும். தனித்து நிற்பதையே பக்திக்கு அடையாளமாகக் கொண்டாடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிடிவாதக்காரரும் தனித்துத்தான் நிற்கிறார்.

ஆனால் ஆயரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தன் ஆன்மாவைக் காக்க ஒருவர் தன் பிள்ளைகளைத் தந்தையற்றவர்கள் ஆக்கலாமா? அந்த விலையைக் கொடுத்தவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஃபிரான்சிஸ்கா முதலில் கணவர் மனத்தை மாற்ற முயன்றார். எல்லோரும் கணவரை எதிர்ப்பதைக் கண்டபின் அவர் பக்கம் நின்றார். ஊர் ஃபிரான்சிஸ்காவையே பழித்தது. போர்விதவைக்குரிய உதவித்தொகை 1950 வரை மறுக்கப்பட்டது.

இங்கேதான் கணக்கு மாறுகிறது. பிள்ளைகளிடமிருந்து தந்தையைப் பறித்தது அவரது மனச்சாட்சியா, அவரைக் கொன்ற அரசா? அந்த வீட்டைத் தனிமையில் தள்ளியது விசுவாசமா, அண்டை வீட்டாரா? விடுதலையின் விலை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, சுற்றியிருந்தவர்கள் விதித்த அபராதம். போருக்குப் பிறகும்கூட அவரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட அதே ஆயர் இசையவில்லை.

2007இல் லின்ஸ் நகரிலேயே யேகர்ஷ்டெட்டருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. 94 வயது ஃபிரான்சிஸ்கா அதைக் கண்டார். பட்டம் நியாயமானதுதான். ஆனால் 1943இல் யேகர்ஷ்டெட்டருக்குத் தேவைப்பட்டது பட்டமல்ல. உன் குடும்பத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல ஒரு சபை.