நினைவு என்னும் கடன்

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் நம் நாட்டில் முப்படைகளின் கொடிநாள் அனுசரிக்கப்படுகிறது. 1949-இல் தொடங்கிய வழக்கம் இது. சிவப்பு, கருநீலம், இளநீலம் ஆகிய நிறங்கள் கொண்ட சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு உண்டியலில் இயன்றதைப் போடுகிறோம். உயிர்நீத்த வீரர்களின் குடும்பத்தாருக்கும், போரில் ஊனமுற்றோருக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் அந்த நிதி பயன்படுகிறது.

அத்தகைய ஒரு கொடிநாளன்று கோலார் தங்கவயலில் இருக்க நேர்ந்தது. மாலையில் ஒரு சிறு கூட்டத்தில் ஆத்மாவின் அழியாமை பற்றிப் பேசினேன். பேச்சு முடிந்ததும் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் எழுந்தார்.

“ஆத்மாவுக்கு மரணமில்லை என்றீர்கள், சுவாமிஜி. அப்படியென்றால் செத்துப்போன சிப்பாயை எதற்காக நினைக்க வேண்டும்? என்னோடு இருந்தவன் எல்லையில் இறந்தான். டில்லியில் கல்லில் அவன் பெயர் இருக்கிறது. என் அப்பா இங்கே சுரங்கத்தில் பாறை சரிந்து இறந்தார். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இருவருக்கும் ஆத்மா ஒன்றுதானே?”

கேள்வி ஒன்றுபோல் தோன்றினாலும் அதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருந்தன. உடனே விடைசொல்ல என்னால் இயலவில்லை.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆத்மா அழிவற்றது என்ற உபதேசம் போர்க்களத்தில்தான் அர்ஜுனனுக்குக் கிடைத்தது. ஆனால் அதே மகாபாரதத்தில், போர் முடிந்ததும் யுதிஷ்டிரர் கங்கைக்கரைக்குச் சென்று மாண்டவர்களுக்கு நீர்க்கடன் செலுத்துகிறார். ‘அழியாதவர்களுக்கு எதற்கு நீர்?’ என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

காரணம் எளியது. ஆத்மா அழியாதது என்ற உண்மையைத் தன் மரணத்தை எதிர்கொள்ளும்போது ஒருவன் நினைத்தால் அது ஞானம்; துணிவைத் தரும். பிறருடைய இழப்பைக் கண்டு, ‘இதற்கேன் கலங்க வேண்டும்?’ என்று ஒதுங்கிச்செல்ல அதையே பயன்படுத்தினால் அது வேதாந்தம் அல்ல, கல்மனம். இறந்த வீரனுக்கு நம் நினைவால் ஆகவேண்டியது ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஆனால் அவன் வாழ்ந்திருக்க வேண்டிய ஆண்டுகளை நமக்காகக் கொடுத்துச் சென்றிருக்கிறான். பெற்றுக்கொண்டவன் அதை மறந்தால் நன்றி கொன்றவன் ஆகிறான். ஆகவே நினைவுநாள் இறந்தவருக்கு நாம் வழங்கும் சலுகையல்ல. நாம் பட்டிருக்கும் கடன்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவதுவரை ஆறு நிலைகளாகக் கூறுகிறது. கோலார் மாவட்டத்துக் கிராமங்களிலும், ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்டவர்களின் வீரக்கற்கள் பல உள்ளன. கல் நட்டதோடு அக்காலத்தவர் நின்றுவிடவில்லை. மாண்டவனின் குடும்பத்துக்கு நிலமும் அளித்தனர். சிந்திய குருதிக்காகத் தந்த நிலம் என்பதால் அதற்கு ‘உதிரப்பட்டி’ என்று பெயர். கொடிநாள் உண்டியலும் அந்த மரபைச் சேர்ந்ததே. உயிரோடிருக்கும் குடும்பத்தைப் பேணாமல் கல்லுக்கு மட்டும் மாலையிடுவது பாதிக்கடன் அடைத்ததாகவே ஆகும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். வீரனைப் போற்றுவது போரைப் போற்றுவது ஆகாதா? மாக மாதத்து வளர்பிறை அஷ்டமியன்று பீஷ்மருக்குத் தர்ப்பணம் செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவருக்குச் சந்ததி இல்லை. ஆகவே உறவினர் அல்லாதாரும் நீர் வார்க்கின்றனர். அவர் எந்தப் பக்கம் நின்று போரிட்டார்? கௌரவர் பக்கம். அந்தப் பக்கத்தின் நியாயத்தை ஏற்றுக்கொண்டு நாம் அவருக்கு நீர் வார்ப்பதில்லை. அண்மைக்கால வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. தங்கவயல் அன்றிருந்த மைசூர் சமஸ்தானத்தின் குதிரைப்படையினர், 1918 செப்டம்பர் 23 அன்று ஜோத்பூர் வீரர்களுடன் சேர்ந்து ஹைஃபா நகரைக் கைப்பற்றினர். அது ஆங்கிலேயப் பேரரசின் போர். எனினும் ஆண்டுதோறும் அந்நாளில் அவர்களை நினைவுகூர்கிறோம். மனிதனுக்குச் செலுத்தும் மரியாதை வேறு. போரைப் பற்றிய தீர்ப்பு வேறு.

இந்த வேறுபாட்டை மறந்தால் நினைவுநாள் வெறும் சடங்காகிவிடும். முதல் உலகப்போரில் மாண்டோருக்காக 1919 நவம்பர் 11 அன்று இங்கிலாந்தில் இரண்டு நிமிட மௌனம் தொடங்கிற்று. இருபது ஆண்டுகளில் அடுத்த உலகப்போர் மூண்டது. மௌனம் மட்டும் மனிதனைத் திருத்திவிடுவதில்லை.

இனி, முதியவரின் இரண்டாவது கேள்வி. கங்கைக்கரைக் காட்சிக்கே மீண்டும் செல்வோம். நீர்க்கடன் நடக்கும் வேளையில் குந்திதேவி வாய்திறக்கிறாள்: கர்ணனுக்கும் நீர் வாருங்கள், அவன் உங்கள் மூத்தவன். யுதிஷ்டிரர் துடித்துப்போகிறார். கர்ணனின் மனைவியரை வரவழைத்து, அவர்களோடு சேர்ந்து அவனுக்கும் நீர் வார்க்கிறார். தம் இழப்பின் கணக்கு முடிந்துவிட்டது என்று எண்ணிய வேளையில், அதில் சேராத ஓர் உடன்பிறப்பு இருந்தது தெரியவந்தது.

தங்கவயலுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கினர். வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த உழைப்பாளிகள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கித் தங்கம் எடுத்தனர். பாறை வெடித்துச் சிலர் மாண்டனர். கல்தூசி நுரையீரலில் படிந்து சிலர் மெல்ல மெல்ல மாண்டனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இவர்களும் நம் உடன்பிறப்புகளே.

அவ்வாறாயின் இவர்களையும் வீரமரணம் எய்தியோர் பட்டியலில் சேர்த்துவிடலாமா? அது இருசாராருக்கும் நியாயமாகாது என்றே தோன்றுகிறது. தேவைப்பட்டால் உயிரையும் தருவதாகச் சிப்பாய் உறுதிமொழி ஏற்கிறான். நாடு கேட்கிறது, அவன் இசைகிறான். சுரங்கத் தொழிலாளியோ உயிரைத் தருவதாக எவரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போடக் கூலிக்கு இறங்கினார். அவரைத் தியாகி என்று அழைத்து மாலையிட்டுவிட்டால், அந்த மரணத்தைத் தவிர்த்திருக்க முடியுமா என்ற கேள்வி மாலைக்கு அடியில் மறைந்துபோகும். வீரனுக்கு நாம் பட்டிருப்பது நன்றிக்கடன். தொழிலாளிக்குப் பட்டிருப்பது நீதிக்கடன். கடன் வேறானாலும் மறதி இரண்டுக்குமே துரோகம்.

ஒருவரை நினைக்கப் பழகிய மனம் மற்றவரையும் தேட வேண்டும். தர்ப்பணத்தின் முடிவில், தமக்கென எவருமில்லாதோர்க்கும் நீர் வார்க்கிறோம் அல்லவா? அந்த மனமே நினைவுநாளுக்கு உரிய மனம். அடுத்த கொடிநாளில் உண்டியலில் காசு போடுவதோடு நில்லாமல், நம் தெருவிலுள்ள முன்னாள் வீரர் ஒருவரின் வீட்டுக்குச் சென்று நலம் விசாரிப்போம். நம் வசதிக்காக உழைத்து மடிந்து, பெயரற்றுப் போனவர் எவர் என்றும் எண்ணிப் பார்ப்போம்.

அன்று அந்த முதியவரிடம் இவற்றையெல்லாம் கோவையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. தோழரின் பெயரையும் தந்தையாரின் பெயரையும் உரக்கச் சொல்லுமாறு மட்டும் வேண்டிக்கொண்டேன். சொன்னார். அனைவரும் எழுந்து மௌனமாக நின்றோம். அமரப்போகும் வேளையில், பின்வரிசையிலிருந்த ஓர் அம்மையார் தம் கணவரின் பெயரைச் சொன்னார். அவரை அடுத்து இன்னொருவர். அன்று கூட்டம் முடிய வெகுநேரமாயிற்று.