மறதியும் பொறுப்பும்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கடைவீதியில் நடந்து செல்கிறார். நடுவயதினர் ஒருவர் எதிர்ப்பட்டு வணங்கி, தம்மை அவருடைய பழைய மாணவர் என அறிமுகப்படுத்திக்கொள்கிறார். நலம் விசாரித்து முடிந்தபின் சற்றுத் தயங்கி, "ஐயா, ஒருநாள் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால், 'உனக்கெல்லாம் படிப்பு எதற்கடா, பால்மரம் வெட்டத்தானே போகிறாய்' என்றீர்கள். அந்தச் சொல் இன்றுவரை மனத்தைவிட்டுப் போகவில்லை" என்கிறார். ஆசிரியர் திகைத்து நிற்கிறார். "அப்படியா சொன்னேன்? நினைவில்லையே, தம்பி." அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை.

இத்தகைய சந்திப்பு எவர் வாழ்விலும் நிகழக்கூடியதே. ஒரே சொல்லை ஒருவர் முப்பது ஆண்டுகள் சுமந்திருக்கிறார். மற்றவரோ சுவடின்றி இழந்திருக்கிறார். மறந்தது குற்றமா? மறதி இயற்கை, அதற்கு யாரைப் பழிப்பது என்பர் ஒரு சாரார். அக்கறை இருந்திருந்தால் மறந்திருப்பாரா என்பர் மறுசாரார். இருவரும் கேளாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. ஒரு நினைவு எப்பொழுது, எங்கே தங்குகிறது? எப்பொழுது கழிகிறது? இக்கேள்விக்கு அறிவியல் இன்று தரும் விடையில் பெரும்பகுதி, மனிதன் தன்னை மறந்து கிடக்கும் உறக்க வேளையைச் சுட்டுகிறது.

உறக்கம் என்பது மூளை ஓய்ந்து கிடக்கும் நேரம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1953ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியல் கிளைட்மன் ஆகிய இருவரும் அக்கருத்தை அசைத்தனர். உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் இடையிடையே விரைந்து அசைவதையும், அவ்வேளையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறுவதையும் அவர்கள் பதிவு செய்தனர். பிரான்சு நாட்டு அறிஞர் மிஷேல் ஜூவே இதற்கு முரண் உறக்கம் எனப் பெயரிட்டார். உடல் தளர்ந்து செயலற்றுக் கிடக்க, மூளை மட்டும் விழித்திருப்பதுபோல் இயங்குவதால் அப்பெயர் மிகவும் பொருந்தும்.

அவ்வேளையில் மூளையின் நரம்பணுக்கள் என்ன செய்கின்றன? மூளையின் உட்பகுதியில் ஹிப்போகேம்பஸ் எனும் உறுப்பு உள்ளது. எலி குறிப்பிட்ட ஓரிடத்தில் நிற்கும்போது மட்டும் அவ்வுறுப்பின் சில அணுக்கள் கிளர்ச்சியுறுவதை 1971இல் ஜான் ஓகீஃப் கண்டறிந்தார். இங்கு நின்றால் இந்த அணு, அங்கு நின்றால் அந்த அணு என அது ஒரு வரைபடம்போல் அமைந்திருக்கிறது. இதற்காக அவருக்கு 2014இல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பின்னர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கென்வே லூயியும் மாத்யூ வில்சனும் உணவு தேடி வட்டப்பாதையில் ஓடப் பழகிய எலிகளை உறங்கும்போதும் உற்று நோக்கினர். ஓடியபொழுது எந்த அணுக்கள் எந்த வரிசையில் கிளர்ச்சியுற்றனவோ, அவை விழியசைவு உறக்கத்திலும் ஏறத்தாழ அதே வேகத்தில், அதே வரிசையில் மீண்டும் கிளர்ச்சியுற்றன. 2001இல் வெளியான இவ்வாய்வின்படி, பாதையின் எப்பகுதியை உறங்கும் எலியின் மூளை மீண்டும் 'ஓடுகிறது' என்றே ஆய்வாளரால் கணிக்க முடிந்தது. கனவற்ற ஆழ்ந்த உறக்கத்திலும் இத்தகைய மீள்நிகழ்வு உண்டு. ஆனால் அங்கு அது பல மடங்கு விரைந்து நிகழ்கிறது. எலி கனவு காண்கிறதா என்பதை எலியைத்தான் கேட்க வேண்டும்.

மீண்டும் நிகழ்கிறது என்பதனாலேயே அது நினைவைக் காக்கிறது என்று முடிவு கட்டிவிடலாகாது. சேவல் கூவும்போது பொழுது விடிகிறது. அதனால் சேவல்தான் விடியச் செய்கிறது என்பார் இலர். இந்த ஐயத்திற்கு 2016இல் ஒரு விடை கிடைத்தது. கனடாவின் மாண்ட்ரீல் நகரிலும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலும் பணியாற்றிய ஆய்வாளர்கள், சுண்டெலிகள் விழியசைவு உறக்கத்தில் இருக்கும்போது மட்டும், ஹிப்போகேம்பஸின் தாளத்தை ஆளும் ஓர் அணுக்கூட்டத்தை ஒளியால் அடக்கி வைத்தனர். எலிகளின் உறக்கம் கலையவில்லை. ஆயினும் முந்தைய நாள் கற்ற இட நினைவு மறுநாள் அவற்றிடம் குன்றிப்போயிருந்தது. அதே அணுக்களை வேறு வேளையில் அதே அளவு அடக்கியபோது இக்கேடு நேரவில்லை.

அவ்வாறாயின் கனவு உறக்கம் நினைவின் காவலன் என்று மகிழலாமா? இங்குதான் செய்தி திரும்புகிறது. மரபணுவின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டவர்களுள் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக், கிரேம் மிட்சிசன் என்பாருடன் சேர்ந்து 1983இல் நேர்மாறான ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார். வேண்டாத பிணைப்புகளைக் கழித்தெறியவே மனிதன் கனவு காண்கிறான், மறப்பதற்கே கனவு என்பது அவர் துணிபு. அன்று அது வெறும் ஊகமாகவே நின்றது. 2019இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்குழு, ஹைப்போதலாமஸ் எனும் பகுதியில் விழியசைவு உறக்கத்தின்போது கிளர்ச்சியுறும் சில அணுக்களை அவ்வேளையில் அடக்கியபோது சுண்டெலிகளின் நினைவு மேம்பட்டதைக் கண்டது. தூண்டியபோது நினைவு குன்றியது. ஆக, ஒரே உறக்கத்தில் ஒரு கை எழுத, மறு கை அழிக்கிறது.

இவை எலிகளிடம் கண்டவை. மனிதனுக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும். சிலவகை மனச்சோர்வு மருந்துகளால் விழியசைவு உறக்கம் பெரிதும் குறைந்தோரிடமும் நினைவாற்றல் கெடாதிருப்பதை ஜெரோம் சீகல் என்னும் அறிஞர் 2001இலேயே எடுத்துக்காட்டி எதிர்வாதம் செய்தார். வழக்கு இன்னும் முடியவில்லை.

முடிந்த அளவிலேயே அறநூலாரைத் திகைக்க வைக்கும் செய்தி இதில் உண்டு. உறங்குபவனிடம் விருப்பம் இல்லை, தெரிவு இல்லை. எதைக் காப்பது, எதைக் கழிப்பது என்று அவன் கட்டளையிட முடியாது. தெரிந்து செய்யாத செயலுக்குப் பொறுப்பேற்கச் சொல்வது எந்த நீதி? இவ்வாதத்தை ஏற்றால் ஆசிரியர் விடுதலை பெற்றுவிடுகிறார்.

அவ்வளவு எளிதில் விடுதலை தருவதற்கில்லை. ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட சோதனை ஒன்று ஆசிரியர்களுக்குச் சுவையானது. சிலருக்குப் பாடம் கற்பித்தபின், அதை மீண்டும் கேட்கப்போவதாக ஒரு பிரிவினரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்தனர். உறங்கி எழுந்தபின், எதிர்பார்த்துக் கண்ணயர்ந்தோரிடமே நினைவு நன்கு நிலைத்திருந்தது. ஆழ்ந்த உறக்கத்தோடு தொடர்புடைய இம்முடிவு, உறக்கம் கண்மூடித்தனமாகப் பொறுக்குவதில்லை எனக் காட்டுகிறது. இது வேண்டும் என்று பகலில் குறித்து வைத்ததையே இரவு எடுத்துக்கொள்கிறது. அச்சமும் அவமானமும் அவ்வாறே ஆழமாய்க் குறியிடுபவை. மனம் கலங்கிய வேளையில் சுரக்கும் நீர்கள் நினைவை இறுக்குகின்றன என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை.

மாணவரின் மூளை ஏன் காத்தது, ஆசிரியரின் மூளை ஏன் கழித்தது என்பதற்கு இப்போது ஒரு விளக்கம் கிடைக்கிறது. மாணவருக்கு அன்று உலகமே இடிந்தது. ஆசிரியருக்கோ அது வகுப்பை அடக்க வீசிய நூறு சொற்களுள் ஒன்று. அது அவருக்குச் சுமையாகவே இருக்கவில்லை. ஆகவே குற்றம் அவர் மறந்த இரவில் இல்லை; அச்சொல் சிறிதும் உறுத்தாமல் அவர் நாவைக் கடந்து சென்ற அந்தப் பகலில் இருக்கிறது. மறதி அங்குக் குற்றமன்று, சான்று.

வள்ளுவர் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில், பெற்ற நன்மையை மறப்பது நன்றன்று என்றும், நன்மையல்லாததை அன்றைக்கே மறந்துவிடுவது நன்று என்றும் கூறுவதைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். அவர் நரம்பணுவை முன்பே கண்டுவிட்டார் எனப் பறைசாற்றுவது வீண் பெருமை. எனினும் அவர் விதித்த காலவரம்பு சிந்திக்கத்தக்கது. அன்றைக்கே எனும்போது, இரவு வந்து நினைவை இறுக்குமுன் என்றும் பொருள் கொள்ள இடமிருக்கிறது. நன்றியைக் காப்பதும் பகையைக் கைவிடுவதும் விழித்திருப்பவனால் ஆகக்கூடியவை. ஆனால் முப்பது ஆண்டுகள் கழிந்தபின், "அதையெல்லாம் மறந்துவிடு" என்று ஊரார் புண்பட்டவனுக்குக் கூறும் அறிவுரை, அவனால் இயலாத ஒன்றைக் கேட்பதாகும். இரவில் தன் மூளை எதை மீட்டுகிறது என்பது அவன் ஆணைக்கு உட்பட்டதன்று. மறக்காதவனை வன்மம் கொண்டவன் எனத் தூற்றுவது, அடிபட்டவனையே மீண்டும் தண்டிப்பதாகும்.

ஆசிரியரோ இன்னும் கடைவீதியில் நிற்கிறார். நினைவில்லை என்று அவர் சொன்னது உண்மை. அந்த உண்மை அவருக்குப் போதாது. தாம் அறியாத ஒரு செயலுக்காக மன்னிப்புக் கேட்பதெனில், பிறர் நினைவை நம்பித்தான் கேட்க முடியும். எனவே அருகிலிருந்த தேநீர்க் கடையைக் காட்டி, "வா தம்பி, உட்கார். அன்று நடந்ததை முழுவதும் சொல்" என்கிறார்.