ஏடு மாறினால் கடமை மாறுமா?

துலாக்கோலை நீதிக்கு அடையாளமாகக் கொள்வது தமிழ் இலக்கிய மரபு. கோல் ஒருபாற் சாயலாகாது என்று அறநூல்கள் வற்புறுத்தும். ஆயினும் அக்கோலின் இயல்பு ஒன்று எளிதில் மறக்கப்படுகிறது. தட்டில் இட்டதை மட்டுமே அது நிறுக்கும். இடாததை நிறுக்க அதனால் ஆகாது. ஆகவே, நிறுப்பவனின் நேர்மை பயன்தர வேண்டுமாயின், தட்டில் இடுபவனின் நேர்மை அதற்கு முன்னரே அமைதல் வேண்டும். குற்ற வழக்குகளில் அந்த இடத்தில் நிற்பவர் அரசு வழக்குரைஞர்.

இங்கிலாந்திலும் வேல்சிலும், முன்னாளில் குற்றத்தைப் புலனாய்ந்த காவல்துறையே பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்தும் வந்தது. 1985ஆம் ஆண்டின் சட்டம் இந்நிலையை மாற்றியது. 1986இல் அரசு வழக்குத் தொடுப்புத் துறை தனி அமைப்பாகத் தோன்றியது. தேடியவர் கண்ணுக்குத் தெரியாதது வேறொருவர் கண்ணுக்குத் தெரியக்கூடும் என்பதே இப்பிரிவினையின் உட்பொருள். சான்று போதுமா? வழக்குத் தொடுப்பது பொது நலனுக்கு ஏற்றதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அத்துறை வழக்கை முன்னெடுத்துச் செல்லும்.

நெடுங்காலம் இப்பணி காகிதத்தால் நடந்தது. நாடாவால் கட்டிய வழக்குக் கட்டுகள் அலுவலகத்திற்கும் நீதிமன்றத்திற்கும் இடையே பயணம் செய்தன. பின்னர் மாற்றம் வந்தது. 2011இல் காகிதமில்லா விசாரணை முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டளவில் கிரவுன் நீதிமன்றங்கள் எங்கும் மின்னிலக்க வழக்குக் கோப்பு முறை பரவியது. நீதிபதியும் இருதரப்பு வழக்குரைஞர்களும் ஒரே கோப்பைத் தத்தம் திரையில் காணலாயினர்.

இம்மாற்றத்தைக் குறை கூறுவது எளிது; ஆனால் நேர்மையன்று. காகிதக் காலம் பொற்காலம் அன்று. வந்து சேராத ஒரு கட்டு, தள்ளிப்போன ஒரு நாள், மீண்டும் காத்திருக்கும் ஒரு சாட்சி என அதன் துன்பங்கள் பல. கொடுமைக்கு ஆளானவர்க்குத் தாமதமும் ஒரு கொடுமையே. அத்துயரைக் குறைக்கும் எக்கருவியும் வரவேற்கத் தக்கதே.

எனினும் காகிதத்தின் சுமைக்கு ஒரு பயன் இருந்தது. மேசைமேல் உயர்ந்து நின்ற கட்டு, ‘இன்னும் இவ்வளவு படிக்க வேண்டும்’ என்று வாய் திறவாமலே சொல்லிற்று. திரையோ அவ்வாறு சொல்வதில்லை. பத்துப் பக்கமும் பல்லாயிரம் பக்கமும் அங்கே ஒரே அளவான சிறு குறியாகத் தோன்றும். படிக்காமல் விட்டது கண்ணை உறுத்துவதில்லை. கண்ணை உறுத்தாதது மனத்தையும் உறுத்தாமல் போகலாம் அன்றோ?

இது வெறும் ஐயம் அன்று. அரசுத் தரப்பின் வாதத்தைத் தளர்த்தக் கூடியதும், எதிர்த்தரப்புக்கு உதவக் கூடியதுமான சான்றுகளை எதிர்த்தரப்பிடம் தெரிவித்தாக வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டின் சட்டம். ஆயினும், பாலியல் வன்கொடுமைக் குற்றம் சாட்டப்பட்ட மாணவர் ஒருவர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பிணையில் வாழ்ந்தார். 2017 டிசம்பரில் குரோய்டன் நீதிமன்றத்தில் அவர் வழக்கு விசாரணைக்கு வந்தது. அந்நேரத்தில் அரசுத் தரப்பை ஏற்ற வழக்குரைஞர், கைப்பேசியிலிருந்து எடுத்த பதிவுகளை எதிர்த்தரப்புக்கு அளிக்கச் செய்தார். நாற்பதாயிரத்திற்கு மேற்பட்ட அச்செய்திகளுள் குற்றச்சாட்டின் அடித்தளத்தையே அசைப்பவை இருந்தன. வழக்கு கைவிடப்பட்டது. காவல்துறையும் வழக்குத் தொடுப்புத் துறையும் மன்னிப்புக் கோரின. 2018இல் அத்தகைய வழக்குகள் 3,637 மீளாய்வு செய்யப்பட்டன. சான்று தெரிவித்தலில் குறை கண்டு நிறுத்தப்பட்டவை 47.

இங்கே குற்றவாளி கருவியா? அல்ல. அச்செய்திகளை அழியாமல் காத்ததும் கருவியே. பழங்காலக் கடிதமாயின் அவை எரிந்தோ கிழிந்தோ போயிருக்கலாம். கருவி காத்தது, மனிதர் உரிய காலத்தில் காணவில்லை. பின்னர்க் கண்டதும் மனிதரே. ஒரே பதிவுதான், அதை அணுகிய மனம் வேறு.

அப்படியாயின் அனைத்தையும் படித்தே தீர வேண்டுமா? அதுவும் அறமாகாது. ஒரு கைப்பேசியில் ஒருவரின் வாழ்வே அடங்கியுள்ளது. முறையிட வந்த பெண்ணின் அந்தரங்கம் முழுவதையும் துருவுதல் அவருக்கு இழைக்கும் இரண்டாவது தீங்காகும். எனவே கடமை என்பது எல்லாவற்றையும் புரட்டுவதன்று. குற்றத்தை நாட்டும் வழிகளோடு, குற்றமின்மையைக் காட்டக்கூடிய வழிகளையும் நியாயமான அளவில் தேடுவதாகும். எதைத் தேடுவது, எங்கே நிறுத்துவது என்ற தெளிவை எந்தக் கருவியும் தானாக வழங்கிவிடாது.

சிலப்பதிகாரம் கற்றோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. கோவலன் குற்றமற்றவன் என்பதற்கான சான்று தொலைவில் எங்கோ மறைந்திருக்கவில்லை. அவனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பினுள்ளேயே, பாண்டியனின் அரண்மனையிலேயே இருந்தது. அதைத் திறந்து பார்க்கும் பொறுமை மட்டுமே அங்கு இல்லை. கண்ணகி வந்து உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது; ஆனால் காலம் கடந்துவிட்டது.

புதிய முறை நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அந்நேரம் யாருக்கு உரியது என்பதே இங்கு எழும் அறக் கேள்வி. அதனை மேலும் பல வழக்குகளை விரைந்து முடிக்கவே செலவிட்டால், நீதிமன்றம் தொழிற்சாலையாகிவிடும். அந்நேரம் முறையிட்டவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரியது. அவர்கள் பொருட்டு நிதானமாகப் படிப்பதற்கு உரியது. கட்டைச் சுமக்கும் வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டது. சிலம்பைத் திறந்து பார்க்கும் வேலை இன்னும் மனிதனுடையதே.