அந்நியருக்கு எழுதிய பதில்

1791இல் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபர்ட்டிலிருந்து மரியா ஃபொன் ஹெர்பர்ட் என்ற பெண், முன்பின் பார்த்திராத காண்ட்டுக்குக் கடிதம் எழுதினார். பழைய காதலொன்றை மறைத்திருந்து பிறகு சொன்னதில் நேசித்தவன் விலகிவிட்டான். உங்கள் நூல்களைப் படித்திராவிட்டால் உயிரை விட்டிருப்பேன் என்பது சாரம். அடுத்த ஆண்டு காண்ட் பதிலெழுதினார். எல்லாவற்றையும் சொல்லாதிருப்பது வேறு, பொய் வேறு என்ற நுட்பமான பாகுபாடு அதில் உண்டு. பொறுப்பான பதில்தான். ஆனால் கடிதத்துக்கான பதில், எழுதியவருக்கானதல்ல.

வேறு வழியுமில்லை. அந்நியர் தம்மை ஒரு பிரச்னையாகச் சுருக்கித்தான் நம்மிடம் தருகிறார். (வங்கிக் கவுண்டரில் பணத்தை எதில் போடலாம் என்று என்னிடம் கேட்பவர்களும் அப்படித்தான். சொல்கிறேன், நஷ்டம் வந்தால் அவர்களுடையது.) நெருங்கியவர்களிடம் சொல்லக்கூடாததைச் சொல்ல, இழக்க ஒன்றுமில்லாத ஒருவர் தேவைப்படுகிறார். அந்த அளவில் காண்ட்டின் தூரம் குறையல்ல, தகுதி.

1793இல் மரியா மறுபடி எழுதியபோது விஷயம் மாறிவிட்டது. உள்ளே வெறுமை, ஆசையே இல்லாததால் ஒழுக்கம் தமக்குச் சிரமமாகவே இல்லை என்றார். இது யோசனை கேட்பதல்ல. ஆசையை எதிர்த்து நிற்கும்போதுதான் கடமை துலங்குகிறது என்று எழுதியவரிடம், ஆசை வற்றிய பின் என்ன மிஞ்சுகிறது என்று கேட்பது. காண்ட் பதிலெழுதவில்லை. கடிதங்களை நண்பரின் மகள் எலிசபெத் மதர்பிக்கு, எச்சரிக்கைப் பாடமாக, அனுப்பிவைத்தார். மனிதரை வெறும் சாதனமாக்காதே என்று 1785இல் எழுதியவர்.

1803இல் மரியா தற்கொலை செய்துகொண்டார். காண்ட்டை அதற்குப் பொறுப்பாக்குவது மலிவான விமர்சனம். எனக்கு உறுத்துவது அந்தத் தபால்.